கோட்டுக்கு வெளியே நிற்பவர்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் திருப்பாலைவனத்தைத் தாண்டினால் காற்றில் உப்பு ஏறத் தொடங்கிவிடும். ஏரிக்கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டிலும் மீனவக் குப்பங்கள். கரையோரக் குப்பங்களில் திருவிழாக் காலத்துக் கபடியைப் பார்க்க வாய்த்தால், ஆட்டத்தோடு கூட்டத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ரெய்டு போகும் பையன் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிரணி எல்லைக்குள் நுழைந்ததும், சுற்றி நிற்கும் பலருக்கும் மூச்சு நின்றுபோகும். அவன் காலை நீட்டினால் இவர்களுக்கும் கால் துடிக்கும். நாலு பேர் மேலே விழுந்து அமுக்க, அவன் விரல்நுனி மட்டும் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், மொத்தக் கூட்டமும் ஒன்றாக மூச்சை விடும்.

அந்தக் கூட்டத்தில், கோட்டை ஒட்டிக் குத்துக்காலிட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எந்த ஊர் ஆட்டத்திலும் அப்படி ஒருவர் உண்டு. பள்ளியில் பி.டி. சாராக இருந்து ஓய்வுபெற்றவராக இருக்கலாம். ஒரு காலத்தில் ஊருக்காக ஆடியவராக இருக்கலாம். எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’. ஜெயித்த பையன்கள் முதலில் ஓடுவது அவரிடம்தான். அவரிடம் ஒரு நாளும் ஆட்டம் கற்காத பெரியவர்கள்கூட, “மாஸ்டர் வந்துட்டாரா?” என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருவார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய ஆச்சரியம். அன்றைய ஆட்டத்தில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போக அவருக்கு அனுமதியும் இல்லை. புள்ளி எடுத்தவனைக் கொண்டாடுவது புரிகிறது. எடுக்காதவர் மேல், அதுவும் அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், இவ்வளவு பாசம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு நரம்பியலும் உளவியலும் கடந்த பல பத்தாண்டுகளில் துண்டு துண்டாகப் பதில் சேர்த்திருக்கின்றன. துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான்: பயிற்சியாளர் நம்மைப் போலவே ஒரு பார்வையாளர். நமக்கெல்லாம் மூத்த பார்வையாளர்.

பார்க்கும்போது துள்ளும் தசை

2008-ல் இத்தாலிய நரம்பியல் அறிஞர் சால்வத்தோரே அக்லியோத்தியும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடுத்துக்கொண்ட விளையாட்டு கூடைப்பந்து. ஒருவர் நின்ற இடத்திலிருந்து கூடைக்குள் பந்தை எறியும் காணொளியைக் காட்டி, பாதியில் நிறுத்தி, “உள்ளே விழுமா, விழாதா?” என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் மூன்று வகை. முதல் வகை, தேர்ந்த ஆட்டக்காரர்கள். மூன்றாவது வகை, கூடைப்பந்தே தெரியாதவர்கள். நடுவில் இருந்த இரண்டாவது வகைதான் நமக்கு முக்கியம். அதில் பயிற்சியாளர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும் ஒன்றாக இருந்தார்கள். ‘பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர்கள்’ என்று ஆய்வாளர்கள் அவர்களை ஒரே கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள்.

ஆட்டக்காரர்கள் எல்லாரையும் முந்திக்கொண்டார்கள். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே, எறிபவரின் உடல் அசைவை வைத்தே பலனைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டத்தில்தான் வியப்பு. மூளையில் கை அசைவை ஆளும் பகுதிக்கு மண்டையோட்டின் வெளியிலிருந்து மெல்லிய காந்தத் துடிப்பைக் கொடுத்து, கைத்தசை எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தார்கள். கூடைப்பந்து எறிதலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆட்டக்காரர்களின் கைத்தசை கூடுதலாகத் துள்ளியது. சும்மா உட்கார்ந்திருந்த பயிற்சியாளர்கள், செய்தியாளர்கள் கைகளிலும் அது நடந்தது. புதியவர்களிடம் அப்படி இல்லை. எறிதல் தவறப்போகும் அந்த நுட்பமான கணத்தைத் தனியாக உணர்ந்தது ஆட்டக்காரர்களின் கை மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அடிப்படை விஷயம் தெளிவு: பல வருடம் பார்த்துப் பழகிய கண், பார்க்கும்போதே உடலையும் ஆட்டத்துக்குத் தயார்படுத்துகிறது.

கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் நிலையை இப்போது நினைத்துப் பாருங்கள். அவர் உடம்பு ஆடத் தயாராகிறது. கோடு அவரை உள்ளே விடுவதில்லை. எங்கே கால் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வைக்க வேண்டியவன் இன்னொருவன். முகத்துவாரத்தில் படகு அலையேறிக் கடக்கும் வேளையில் கரையில் நிற்கும் அனுபவசாலியின் தவிப்பு இது. சுற்றி நிற்கும் ரசிகனுக்கும் அதே தவிப்புதான். மாஸ்டருக்கு அது ஆழமாக இருக்கிறது, அவ்வளவே.

தீமிதி சொன்ன செய்தி

உடம்பு இன்னொரு உடம்போடு சேர்ந்து துடிப்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று நமக்கு நன்கு தெரிந்த சடங்கில் நடந்தது. ஸ்பெயின் நாட்டில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்ற சிற்றூரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 23 நள்ளிரவில் தீ மிதிக்கிறார்கள். பலர் தமக்கு வேண்டிய ஒருவரை முதுகில் சுமந்தபடி தணலில் நடப்பார்கள். இவானா கொன்வாலின்கா, டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தீ மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டார்கள். முடிவு 2011-ல் வெளிவந்தது. மிதித்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே போக்கில், சும்மா நின்ற அவருடைய உறவினர், நண்பர் துடிப்பும் ஏறி இறங்கியிருந்தது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை. எல்லாரும் பார்த்தது ஒரே தணலைத்தான். இதயம் மட்டும் வேண்டியவரோடுதான் சேர்ந்து அடித்தது.

அம்மன் கோயில் தீமிதியில் மகன் இறங்கும்போது தாய் நிற்கும் நிலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. அறிவியல் சேர்த்தது அளவை மட்டுமே. விளையாட்டிலும் அது உண்டா என்று சிகலாட்டாஸ் உள்ளிட்ட ஒரு குழு பிறகு தேடியது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கூடைப்பந்து ரசிகர்களில் ஒரு பகுதியினரை அரங்கத்திலும், இன்னொரு பகுதியினரைச் சிறு சிறு குழுக்களாகத் தொலைக்காட்சி முன்னும் உட்காரவைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அரங்கத்தில் இருந்தவர்களின் இதயங்கள் கூடுதலாக ஒத்துத் துடித்தன. அந்த ஒத்திசைவு கூடக்கூட, ‘இது என் வாழ்வில் மறக்க முடியாத அனுபவம்’ என்ற உணர்வும் கூடியது.

ரசிகனின் துடிப்பை வெறும் மிகை என்று ஒதுக்கவும் முடியாது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறுக்கான அவசர அழைப்புகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பார்ப்பதற்கு உடம்பு தரும் விலை நிஜமானது.

ஆக, இரண்டு விஷயம் கையில் இருக்கிறது. பார்ப்பவர் உடம்பும் ஆடுகிறது. வேண்டியவர் என்றால் இதயமும் சேர்ந்து அடிக்கிறது. அப்படியானால், நேரில் ஒரு முறைகூடச் சந்திக்காத ஒரு பயிற்சியாளர் நமக்கு வேண்டியவர் ஆவது எப்படி?

பிரிட்ஜ்டவுன், 2024 ஜூன் 29

இந்தியாவில் அண்மைக் காலத்தில் இதற்கு ராகுல் திராவிடைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2007 மார்ச்சில் அவர் தலைமையில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்தியக் கிரிக்கெட் அணி, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே உலகக் கோப்பையிலிருந்து வெளியேறியது. 2021 நவம்பரில் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2022-ல் அடிலெய்டில் டி20 உலகக் கோப்பை அரையிறுதித் தோல்வி. 2023 ஜூனில் டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் தோல்வி. அதே ஆண்டு நவம்பர் 19, அகமதாபாத்: தொடர்ந்து 10 ஆட்டங்களை ஜெயித்து வந்த அணி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டு டி20 உலகக் கோப்பை மீண்டும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. பார்படாஸில் நடந்த இறுதி ஆட்டம்தான் இந்திய அணியின் பயிற்சியாளராக அவருக்குக் கடைசி. ‘திராவிடுக்காக ஜெயியுங்கள்’ என்று ரசிகர்களிடையே ஓர் அலை எழுந்தது. தமக்கு அதில் உடன்பாடு இல்லை, ஒருவருக்காக ஜெயிப்பது என்ற எண்ணமே தம் இயல்புக்கு ஒவ்வாது என்று அவர் சொன்னார். அந்தப் பதிலே அவர் மேல் இருந்த பிரியத்தை இன்னும் கூட்டியது.

அந்த இரவில் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி 30 பந்துகளில் 30 ரன் தேவைப்பட்டது. கையில் 6 விக்கெட். ஆட்டம் கைநழுவியது என்றே பலரும் நினைத்தார்கள். கடைசி ஓவரின் முதல் பந்தில் எல்லைக்கோட்டை ஒட்டி, வெளியே போய்த் திரும்பி வந்து சூர்யகுமார் யாதவ் பிடித்த கேட்ச் ஆட்டத்தைத் திருப்பியது. இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. பிறகு கோலி கோப்பையைக் கொண்டுவந்து திராவிட் கையில் கொடுத்தார். ஆடிய காலம் முழுக்க உணர்ச்சியை அடக்கியே பழகிய மனிதர், கோப்பையைத் தூக்கிப் பிடித்து அடிவயிற்றிலிருந்து கத்தினார். வீரர்கள் அவரைத் தூக்கி வானத்தில் போட்டுப் பிடித்தார்கள். ரன் எடுத்தவர்களும் விக்கெட் வீழ்த்தியவர்களும் அத்தனை பேர் இருக்க, அந்த இரவில் பலருடைய கண்ணை நனைத்தது ஒரு பந்துகூட ஆடாதவரின் அந்தக் கத்தல்.

1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்கச் சமூக அறிஞர்கள், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினம் வருகிற முகங்களோடு மக்கள் கொள்ளும் ஒருவழி நட்பைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கு அவரைத் தெரியும். மனம் இதை நிஜ உறவிலிருந்து முழுதாகப் பிரித்து வைப்பதில்லை. பழகப் பழகப் பிரியம் ஊறுகிறது. பயிற்சியாளர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஆட்டம் இறுகும் கணத்தில் கேமரா அவர் முகத்துக்குத் திரும்பும். ஆடுகளத்தில் இருப்பவன் முகத்தில் வேலை தெரியும். இவர் முகத்தில் தெரிவது நம் வீட்டுக் கூடத்தில் நாம் படும் பாடு. நகத்தைக் கடிப்பதும், தலையைக் கவிழ்ப்பதும், எழுந்து நிற்பதும் நாம் செய்வதுதான். நம் தவிப்பை மைதானத்துக்குள் சுமந்துகொண்டு நிற்கும் ஒரே ஆள் அவர்.

ஜெயித்தால் ‘நாம’, தோற்றால் ‘அவங்க’

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ரசிகர்கள் வெற்றியைத்தானே விரும்புகிறார்கள்? கோப்பை இல்லாமல் போயிருந்தால் இந்தப் பாசம் இருந்திருக்குமா?

நியாயமான கேள்வி, அதற்குச் சான்றும் உண்டு. ராபர்ட் சால்டினியும் சகாக்களும் 1973-ல் ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், திங்கள்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். வார இறுதியில் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயித்திருந்தால், பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, ஜெயித்த ஆட்டத்தை விவரிக்க ‘நாம்’ என்ற சொல் வந்தது; தோற்ற ஆட்டத்துக்கு ‘அவர்கள்’ வந்தார்கள். இன்னொருவர் புகழில் குளிர்காய்வது என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். 1998-ல் வந்த ஓர் ஆய்வு உமிழ்நீரிலேயே இதைக் கண்டது: ஜெயித்த அணியின் ஆண் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்ற அணியின் ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது.

ஆனால் குளிர்காய்வது மட்டுமே ரசிகனின் குணம் என்றால் 1999 ஜனவரி 31-ஐ விளக்க முடியாது. அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்றது. முதுகுவலியோடு சச்சின் எடுத்த 136 ரன் வீணாயிற்று. சென்னைக் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அந்த அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. தோல்வியின் வலியும் ஆட்டத்தின் மேல் உள்ள மதிப்பும் ஒரே நெஞ்சில் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

தோல்விக்கு இன்னொரு வேலையும் உண்டு. மார்த்தா நியூசன், ஹார்வி வைட்ஹவுஸ் உள்ளிட்டோர் இங்கிலாந்தின் கால்பந்துக் குழுக்களின் ரசிகர்களை ஒப்பிட்டு 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோப்பைகளைக் குவித்த குழுக்களின் ரசிகர்களைவிட, தோற்றுத் தோற்று நொந்த குழுக்களின் ரசிகர்களிடையே பிணைப்பு இறுக்கமாக இருந்தது. சேர்ந்து பட்ட வேதனை ஆட்களை ஒட்டவைக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரை நாடு நினைவில் வைத்திருப்பதும் இப்படித்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா எடுத்தது 55.42 விநாடி. வெண்கலம் வென்றவர் எடுத்தது 55.41. நூறில் ஒரு விநாடி. பதக்கம் இல்லை, ஆனால் உஷாவையும் நம்பியாரையும் நாடு தன் வீட்டுப் பிள்ளைகளாக்கிக்கொண்டது. 1985-ல் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது தொடங்கப்பட்டபோது, முதன்முதலில் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். 2021-ல் பத்மஸ்ரீ. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானபோது, ஓய்வுபெற்றுப் பல காலமான ஒரு முதியவருக்காகக் கேரளத்தைத் தாண்டியும் மக்கள் வருந்தினார்கள்.

பிரிட்ஜ்டவுனில் திராவிட் போட்ட கத்தல் நம் நெஞ்சைத் தொட்டதற்கும் இதே காரணம்தான். போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அகமதாபாத்தும் அவரோடு நாமும் பட்டவை. அந்தக் கடனெல்லாம் ஒரே நேரத்தில் தீர்ந்த சத்தம் அது.

2,326 செயல்கள்

சரி, பயிற்சியாளர் உண்மையில் என்னதான் செய்கிறார்? இதை உட்கார்ந்து எண்ணியவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன், தமது கடைசி 12 பருவங்களில் 10 தேசியப் பட்டங்களை வென்றவர். 1974-75, அவருடைய இறுதிப் பருவம். ரொனால்ட் கலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு கல்வி உளவியலாளர்கள் பயிற்சி நேரங்களில் ஓரமாக உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் வகைபிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 செயல்கள். அவற்றில் பாதிக்கு மேல், எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற வெறும் செய்தி. பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். வீர உரைகள் இல்லை. ஒருவன் தப்பாகச் செய்தால், சரியானதைச் செய்து காட்டி, அவன் செய்ததைச் செய்து காட்டி, மறுபடி சரியானதைக் காட்டுவார். அதற்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகாது. பருவத்தின் முதல் நாளில் அவர் கற்றுக்கொடுத்தது, சுருக்கம் விழாமல் காலுறை போடுவது எப்படி என்பது. சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் வரும்; கொப்புளம் வந்தால் ஆட முடியாது.

1975-ல் ஓய்வுபெற்ற வுடன் 2010-ல், 100 வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில் இறந்தார். இடைப்பட்ட 35 ஆண்டுகளில் அவர் தம் பழைய அரங்கத்துக்கு வந்து, அணியின் இருக்கைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். கையெழுத்துக்காக ரசிகர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் பட்டம் வென்ற காலத்தில் பிறக்காதவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். யு.சி.எல்.ஏ.வில் அவர் பயிற்சியளித்த 27 ஆண்டுகளைவிட, வெறும் பார்வையாளராக நேசிக்கப்பட்ட ஆண்டுகள் அதிகம்.

ஓய்வுக்குப் பிறகு பாசம் வளர்வதற்குக் காரணம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பதவியில் இருக்கும்வரை பயிற்சியாளர் மேல் நமக்கு ஒரு கணக்கு உண்டு: இவரை ஏன் ஆடவிட்டார், அவரை ஏன் உட்காரவைத்தார் என்று. ஓய்வுபெற்ற நாளில் அந்தக் கணக்கு மூடப்படுகிறது. ஜெயித்தால் ‘நாம்’, தோற்றால் ‘அவர்கள்’ என்ற ஏற்ற இறக்கமும் அவரை விட்டுப் போகிறது. மிஞ்சுவது, எத்தனையோ இரவுகளில் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்த பழக்கம். இப்போது அவரும் நம் பக்கத்து இருக்கைக்கே வந்துவிட்டார்.

பழவேற்காட்டுக் குப்பத்து மாஸ்டருக்கு விருது வந்திருக்காது; கேமரா அவர் முகத்துக்குத் திரும்பியிருக்காது. ஆனால் அவர் செய்ததும் வுடன் பாதிக்கு மேல் செய்த அந்த வேலையைத்தான்: கால் இங்கே, கை அங்கே, இன்னொரு தடவை. அந்தச் சின்னத் திருத்தங்கள் சேர்ந்து ஒரு தலைமுறையின் உடம்பில் உட்கார்ந்திருக்கின்றன. அவர் மேல் ஊர் வைத்திருக்கும் பாசம் அசட்டு உணர்ச்சி அல்ல. சேர்ந்து பார்த்த உடம்புகளும், சேர்ந்து தோற்ற இரவுகளும், பொறுமையாகக் கிடைத்த ஆயிரம் திருத்தங்களும் சேர்ந்து உண்டாக்கிய உறவு அது.

அந்த உறவை அவர் இருக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் ஊரிலும், உங்கள் பள்ளியிலும் ஓய்வுபெற்ற ஒரு பி.டி. சார் இருப்பார். அடுத்த போட்டிக்கு அழைப்பு அடிக்கும்போது அவர் பெயரையும் சேருங்கள். கோப்பை வாங்கிப் படம் எடுக்கும்போது, கோட்டுக்கு வெளியே நிற்கும் அவரை உள்ளே கூப்பிடுங்கள்.